கறுப்புக் கோடு

பேத்தி தூரிகை கழுவுகிறாள். டர்பன்டைன் வாசம் கூடத்துக்கு வந்ததும் எனக்கு அக்கா ஞாபகம்.

அறுபதுகளில், காரமடைத் தோட்டத்தில் விடியலில் உட்கார்ந்து, மலையை மூடிய பனியை அவள் வரைந்தாள். கோடே கிடையாது, ஊதாவும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக ஒற்றியிருந்தாள். தள்ளி நின்று பார்த்தால் பனி நகரும்.

பஞ்சு வியாபாரியான அப்பா எதையும் கண்ணருகே வைத்துத்தான் பார்ப்பார். படத்தையும் அப்படித்தான் பார்த்தார். பாதியில் நிற்கிறதே என்று, கடைக்குப் போர்டு எழுதுகிறவரிடம் கொடுத்து, மலைக்கும் மரத்துக்கும் கறுப்புக் கோடு போட்டு வாங்கிவந்தார்.

"முடிச்சுக் கொண்டாந்துபோட்டேன் கண்ணு," என்றார் ஆசையாக.

"நல்லாருக்குதுங்கப்பா," என்றாள் அக்கா. அதற்கப்புறம் அவள் தூரிகையைத் தொடவில்லை. அப்பாவோ வருகிறவர்களுக்கெல்லாம் கடைசிவரை அதைக் காட்டினார்.

பேத்தி படத்தை நீட்டுகிறாள். நான் கையில் வாங்காமல், "அப்படியே புடிச்சுக்க" என்று, முதுகு சுவரில் இடிக்கும் வரை பின்னால் போகிறேன்.