ஏழு குடிக்கு ஏழு கை

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குத் தலைவர் தெரிவு செய்யும்போது தலையை எண்ணும் வழக்கம் அந்தக் காலத்தில் இருக்கவில்லை. ஊரில் ஏழு குடி, குடிக்குத் தலைவராக ஒரு மரைக்கார். ஏழு மரைக்கார்மாரும் கூடிக் கை உயர்த்துவார்கள். நாலு கை யாருக்கோ அவர்தான் தலைவர். ஊரில் பாதியை நிறைத்திருந்த பெரிய குடிக்கும் ஒரு கைதான். ஒரு பந்தலுக்குள் அடங்கிவிடும் எங்கள் குடிக்கும் ஒரு கைதான். இது நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் நன்றிக்கடன் பட்டவள், எனக்கு நடுநிலை கிடையாது.

ஐம்பதுகளின் நடுவில் நான் முதல் பிள்ளையை இழந்தேன். மாரி மழையில் வலி கண்டு, மாட்டுவண்டியில் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பிறந்தான். அழவில்லை. என் மாமா, உம்மாவின் தம்பி, அவனைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய் அடக்கிவிட்டு வந்தார். அதன்பிறகு என் கணவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன்.

"ஊருக்குள்ள பிள்ளை பெற ஒரு இடம் வந்தா இன்னொண்டு பெறுவன். இல்லாட்டி இதோட சரி."

ஊர் நிலம் கொடுத்தால் பிரசவ அறை கட்டி மருத்துவிச்சியும் போடுவோம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. கொடுக்கக்கூடிய நிலம் பள்ளிவாசலை ஒட்டிக் கிடந்த வெறும் வளவு ஒன்றுதான். அதை என்ன செய்வது என்பது வரப்போகும் தலைவரின் கையில் இருந்தது. போட்டிக்கு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் துணி வியாபாரி. வளவை அறைக்குக் கொடுப்பேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். மற்றவர் போடியார், இறக்காமப் பக்கம் பெருவயல்கள் உள்ளவர், பெரிய குடிக்காரர். அந்த வளவில் கடைகள் கட்டினால் வாடகை பள்ளிவாசலுக்கு வரும் என்பது அவர் எண்ணம். நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு அரிசி அவர் வீட்டிலிருந்துதான் வரும். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை.

மூன்று மரைக்கார்மார் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். மிஞ்சியவர் எங்கள் குடி மரைக்கார். அவர் வேறு யாருமில்லை, என் மாமாதான். போடியாரின் வயலைக் குத்தகைக்குச் செய்து பிழைத்தவர். யார் கேட்டாலும், "குடியாக்கள் சொல்றதத்தான் நான் சொல்லுவன்" என்று நழுவிவிடுவார்.

என் கணவர் தறியை விட்டு எழுந்து எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"உங்கட தெருவில ஒராள் மிச்சமில்ல. எல்லாரும் ஓம் எண்டுட்டாங்க. உங்கட குடி நம்மட பக்கம்தான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எங்கள் பக்கத்தில் குடி தாய் வழி. கலியாணம் முடித்த ஆண் பெண்சாதியின் வீட்டுக்கு வந்துவிடுவான், குடி மட்டும் அவனுடைய உம்மாவின் குடியாகவே இருக்கும்.

"அவங்கெல்லாம் எங்கட தெருவுக்கு வந்த மாப்பிளைமார். உங்களைப் போல. அதில ஒராளாவது எங்கட குடிப் பொம்பிளை பெத்த ஆளா?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் சுருங்கிப்போயிற்று. எங்கள் குடி ஆண்கள் சாய்ந்தமருதிலும் இறக்காமத்திலும் பெண்சாதிமாரின் வீடுகளில் இருந்தார்கள். அவர்களிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

உம்மா அன்றே ஆள் அனுப்பினார். வயல் பக்கம் போகும் மீன் வண்டிக்காரரிடமும் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் குடி ஆண்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். யானைக் காவலை அடுத்த வயல்காரனிடம் ஒப்படைத்துவிட்டு என் கூடப்பிறந்த மூத்தவர், காக்காவும் வந்திருந்தார். கடைவாடகை, குத்தகை, போடியாரின் மனம் என்று பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. நான் தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தேன். ஆண்கள் கூட்டத்தில் பெண் பேசுவது வழக்கமில்லை. வழக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையில் நான் இல்லை.

"மாமா, வண்டியில வந்த பிள்ளைய உங்கட கையாலதான் அடக்கினீங்க. வேற ஒண்டும் சொல்ல எனக்கில்ல."

செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். காக்காதான் முதலில் பேசினார். "வளவ அறைக்குக் குடுக்கட்டும்." மற்றவர்களும் அதையே சொன்னார்கள். மாமா எழுந்து, சாப்பிடாமலே போனார்.

மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் பள்ளி முற்றத்தில் ஆண்கள் அவரவர் பக்கம் பிரிந்து நின்றிருக்கிறார்கள். போடியாரின் பக்கம் முற்றம் நிறைந்து வாசலுக்கு வெளியிலும் ஆள். துணி வியாபாரியின் பக்கம் நிழலில் ஒதுங்கினாற்போல் கொஞ்சப் பேர். பிறகு மரைக்கார்மார் கை உயர்த்தினார்கள். மாமா போடியாரை நிமிர்ந்து பார்க்காமல் வியாபாரிக்குக் கை உயர்த்தினாராம். நாலுக்கு மூன்று.

வீட்டுக்கு வந்த என் கணவர் சந்தோஷப்பட வேண்டியவர், வழக்குப் பேச ஆரம்பித்தார். எவ்வளவானாலும் அவரும் போடியாரின் பெரிய குடியில் பிறந்தவர்.

"தலை எண்ணினா போடியார்தான். இதென்ன கணக்கு?"

அந்த நாட்களில் பேப்பரில் அமெரிக்கத் தேர்தல் கதை வந்துகொண்டிருந்தது. பிறகொரு நாள் அதை விரித்துக்கொண்டு வந்தார். அங்கும் ஜனாதிபதியைச் சனம் நேரே தெரிவு செய்வதில்லையாம். மாநிலத்துக்கு மாநிலம் எண்ணி, அந்தந்த மாநிலத்துக்குரிய ஆட்கள்தான் வோட்டுப் போடுவார்களாம். பெரிய மாநிலத்துக்கு ஆட்கள் கூட, ஆனால் எவ்வளவு சின்ன மாநிலத்துக்கும் மூன்று பேருக்குக் குறையாதாம். கூடுதல் சனம் வோட்டுப் போட்டவரே தோற்ற கதையும் முன்பு நடந்திருக்கிறதாம்.

"அப்ப அங்கயும் மரைக்கார்மார் இரிக்காங்க" என்றேன்.

ஆனால் நான் இன்றுவரை நன்றியோடு நினைப்பது அந்தக் கணக்கை அல்ல. முற்றம் நிறைந்த ஆட்களோடு தோற்று நின்றாரே, அவரை. கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியதாம். போடியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று பள்ளி இரண்டாகியிருக்கும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "மரைக்கார்மார் சொன்னாச் சொன்னதுதான். வாங்க, வீட்ட போவம்" என்று முன்னால் நடந்தாராம். மாமாவின் குத்தகையையும் பறிக்கவில்லை. அடுத்த போகத்துக்கு விதைநெல் கேட்கப் போக மாமா கூச்சப்பட்டபோது, தானே வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

அறை வந்தது. அதில் என் மகள் பிறந்தாள், ஊரே கேட்க அழுதாள். வழக்கப்படி பிள்ளையின் காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்ல மாமா வந்து நின்றார். நான் அவரிடம் சொல்லி, போடியாரை அழைத்துவரச் செய்தேன். வாசலில் நின்றே அவர் கேட்டார்.

"ஏன் மகள், உங்கட குடியில ஆம்பிளை இல்லையா?"

"இரிக்காங்க. உங்கட வாயால கேக்கணும் எண்டு ஆசை."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

"தாய் வழிதானே, இவள் உங்கட குடி. ஒரு தலை கூடிட்டு" என்று மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "எண்டாலும் கை ஒண்டுதான், மரைக்கார்."

மாமாவும் சிரித்தார். தேர்தலுக்குப் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். போடியார் குனிந்து, என் மகளின் வலது காதில் மெதுவாகப் பாங்கு சொன்னார். கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.