ஒரு தடவை கூப்பிடும் குரல்

றக்வான மலைப்பாதை வளைவொன்றில் பஸ் நின்றபோது, யாரோ வெட்டிப் போட்டிருந்த மானாப்புல்லின் எலுமிச்சை வாசம் ஜன்னல் வழியே வந்தது. இப்போது காடு மண்டிக் கிடக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் அந்திப்பொழுது அப்படியே என்மேல் கவிந்தது.

தோட்ட வேலை முடிந்ததும் அப்பா, லயத்துக்கு மேலே மானாவை வெட்டித் திருத்திய தன் காய்கறிக் கொல்லைக்கு ஏறிவிடுவார். எங்கள் எல்லோரையும் வளர்த்து ஆளாக்கியது அந்தப் போஞ்சியும் மரவள்ளியும்தான். இருட்டும் நேரம், மூட்டையை இறக்க எங்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நாங்கள் வாய் திறக்க மாட்டோம்.

"மொதக் கொரலுக்குப் பதில் சொல்லாதீங்க. ரெண்டாவதும் கூப்பிட்டாத்தான் அப்பா" என்பாள் அம்மா, ஏனென்றால் மலையில் இருப்பது ஒரு தடவைதான் கூப்பிடும். அந்த இடைவெளியில் அவள் கைமுறம் நின்றுவிடும், நாய் வாலைச் சுருட்டிக்கொள்ளும், கூரைத் தகரத்திலிருந்து பனி சொட்டுவது மட்டும் கேட்கும். சில நாட்களில் இரண்டாவது குரல் வராது. அப்பா தானே மூட்டையோடு இறங்கி வந்து, "நான் கூப்பிடவே இல்லியே" என்பார்.

அம்மா இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, தொண்ணூறை நெருங்கிய அப்பா இரத்தினபுரி டவுனில் என் வீட்டில் படுக்கையாகக் கிடந்தார். ஓர் அந்தியில், "இந்தா வாறேன்" என்று எழுந்து உட்கார்ந்தார்.

"யாருப்பா கூப்பிட்டா?"

"ஒங்கம்மா."

"எத்தன தடவ?"

"ஒரு தடவதான்" என்றார், கால்களால் செருப்பைத் தேடிக்கொண்டே. "அவ கொரலு எனக்குத் தெரியாதா."

காலையில், செருப்புப் போட்ட காலோடு கட்டிலில் சில்லிட்டுக் கிடந்தார். செருப்பைக் கழற்றினேன், மானாப்புல் வாசம் அடித்தது.