கானா போய் வந்தவளின் தயிர்சாதம்

மக்களே, வயிறு எரிகிறது. சாப்பாட்டால் இல்லை.

போன வாரம்தான் ஆபீஸ் வேலையாக கானா போய்விட்டு வந்தேன். மழைக்காலம் முடியும் நேரம். மாலையில் ஒரு மழை, ரோடெல்லாம் செம்மண் சேறு, அவ்வளவுதான்.

இன்று இங்கே அமெரிக்காவில், எங்கள் கேட்டி ஊரில் ஒரு ஆன்ட்டி வீட்டில் பாட்லக், ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து. நான் கொண்டுபோன தயிர்சாதத்தின் ஃபாயிலைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

ஆன்ட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நினைச்சுக்காதம்மா. ஆப்பிரிக்கா, அதுவும் மழை சீசன். மலேரியா அது இதுன்னு ஏதாவது... குழந்தைங்கல்லாம் இருக்காங்க பாரு."

"மலேரியா கொசுவால வரும் ஆன்ட்டி. தயிர்சாதத்தால வராது."

"மாத்திரையாவது ஒழுங்கா போட்டியா?"

"போட்டேன். டிசம்பர்ல மெட்ராஸ் போறப்ப நீங்க பசங்களுக்குக் குடுப்பீங்களே, அதே மாத்திரைதான்."

ஆன்ட்டியின் முகம் சுருங்கிவிட்டது. தயிர்சாதத்தை அப்படியே காரில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பரில் மெட்ராஸிலும் மழை முடியும் நேரம்தான். ஆன்ட்டி திரும்பி வந்ததும் வருஷா வருஷம் வீடு வீடாக முறுக்கும் மைசூர்பாகும் கொண்டுவந்து கொடுப்பார்.

இந்த வருஷம் வாங்கலாமா? குழந்தைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் சொல்லுங்கள்.