சைப்பிரஸில் ஆர் இருக்கினம்?

வாயை மூடிக்கொண்டு சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டிருக்கலாம். போன வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் என்னால் அது முடியவில்லை.

"செப்டம்பரிலை நானும் வசந்தாவும் நாலு நாள் சைப்பிரஸ் போறம், அண்ணை" என்று குலம் அண்ணையிடம் சொல்லிவிட்டேன். சும்மா ஒரு பெருமைக்குத்தான்!

குலம் அண்ணை எனக்குச் சொந்தமில்லை. நான் லண்டனுக்கு வந்து இறங்கிய காலத்தில் மோர்டனில் தன் வீட்டில் ஒரு அறை தந்தவர். அந்த உரிமையில் இன்றுவரை என் வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கு அடித்த பெயின்ட் எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. தங்கமான மனிதர்... அதுதான் பிரச்சினையே.

"அங்கை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை, அண்ணை."

"பிறகேன் போறியள்?"

நியாயமான கேள்வி. எங்கள் ஆட்களுக்கு வெளிநாடு என்றால் கடலா, கோட்டையா? அங்கே இருக்கிற சொந்தக்காரர்தான். பாரிஸ் என்றால் சித்தப்பா வீடு. சூரிச் என்றால் என் மனைவி வசந்தாவின் அக்கா வீடு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு நாங்களும் நாலைந்து நாடு போய்விட்டோம். ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தால் ஈபிள் கோபுரம் ஒரே ஒரு படத்தில் இருக்கிறது, அதுவும் கார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். மிச்சமெல்லாம் சோபா. விதவிதமான சோபாக்களில் நான் இருந்து சிரிக்கிறேன்.

வசந்தா எங்கே? குசினியில். விருந்துக்குப் போன வீட்டில் அந்த வீட்டுப் பெண் தனியாக நின்று புட்டு அவிக்க, இவள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? சூரிச்சில் அவள் பார்த்த ஏரி, வெங்காயம் வெட்டிய மேசைக்கு மேலே இருந்த கலண்டர் படம்தான்.

இந்த முறை அவளாகத்தான் கேட்டாள். கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் டிராவல் ஏஜென்சியிலிருந்து ஒரு புரோஷர் எடுத்து வந்தாள். லிமசோல் கடற்கரை ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே 'மெஸே' என்று ஒன்று இருக்கிறதாம். மேசையில் போய் இருந்தால் போதும். ஒலிவ் காய், வாட்டின சீஸ், கணவாய், மீன் என்று சின்னச் சின்னத் தட்டுகளாக வந்துகொண்டே இருக்குமாம்.

"இருபது தட்டு வருமாம். ஒண்டையும் நான் கழுவத் தேவையில்லை" என்றாள்.

பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. அடுத்த நாளே ஹோட்டலோடு சேர்த்து புக் பண்ணிவிட்டு வந்தேன். அதன்பிறகு அவள் ஒவ்வொரு மாலையும் புரோஷரும் கையுமாகத்தான் இருந்தாள். காலையில் பழைய கோட்டை, பின்னேரம் கடற்கரை, இரவு எந்தக் கடை என்று ஒரே திட்டம்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் குலம் அண்ணை போன் எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தம்பி, ஆள் இருக்கு!"

"எங்கை, அண்ணை?"

"சைப்பிரஸிலைதான்! என்ரை மருமோன்ரை தமையன், ரவீந்திரன். லிமசோலிலை கப்பல் கொம்பனியிலை எஞ்சினியர். ராத்திரியே கதைச்சுப் போட்டன். எயார்போட்டுக்கு வருவான். நாலு நாளும் அவன்ரை வீட்டிலைதான். நீர் ஹோட்டலைக் கான்சல் பண்ணும்."

"அவையளுக்கேன் அண்ணை கரைச்சல்..."

"இதிலை என்ன கரைச்சல்? எங்கடை ஆள் இருக்க நீர் ஹோட்டலிலை நிண்டா ஆக்கள் என்ன கதைப்பினம்?"

மாட்டேன் என்றால் அவருக்கும் கோபம், முன்பின் தெரியாத ரவீந்திரனுக்கும் அவமானம். "ஓம் அண்ணை" என்று சொல்லி வைத்தேன்.

வசந்தாவிடம் சொன்னேன். சண்டை பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். "ஓம், என்ன செய்யிறது" என்று மட்டும் சொன்னாள். புரோஷரை எடுத்துப் பழைய பேப்பர்களோடு வைத்துவிட்டு பீன்ஸ் வெட்டப் போனாள். என் வாயை நினைக்க எனக்கே ஆத்திரமாக வந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒன்று கேட்டவள்!

செவ்வாய்க்கிழமை ஹோட்டலை ரத்துச் செய்யப் போவதாக இருந்தேன். திங்கட்கிழமை மாலை போன் அடித்தது. வசந்தா எடுத்தாள்.

"ஆர்? மாலினியோ? ஓ... ரவீந்திரன்ரை மிஸிஸோ!"

சரி, அழைப்பு உறுதியாகிவிட்டது என்று நினைத்தேன். வசந்தா வெகுநேரம் "ஓம்... ஓம்..." என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு போன் வயரைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

விஷயம் இதுதான். கோடை தொடங்கியதிலிருந்து மாலினி வீட்டில் விருந்தாளிகள் ஓயவில்லை. ஒரு குடும்பம் போக அடுத்தது. அத்தனை பேரும் கடலுக்குப் போய்விட்டுப் பசியோடு வருவார்கள். புருஷன் யார் கேட்டாலும் "வாங்கோ, வாங்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவாராம்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன், ஹோட்டலிலையே நில்லுங்கோ. ஒரு நாள் எல்லாரும் நீங்கள் இப்ப சொன்ன அந்தக் கடற்கரைக் கடையிலை போய்ச் சாப்பிடுவம். ஆறு வருசமா இஞ்சை இருக்கிறன், நான் இன்னும் அதுக்குள்ளை கால் வைக்கேல்லை. குலம் மாமாவுக்கு, எங்களோடைதான் சாப்பிட்டினம் எண்டு நான் சொல்லுறன். பொய்யில்லைத்தானே?"

அப்பாடா! நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. யோசித்துப் பார்த்தால், எத்தனை விருந்து இப்படி நடக்கிறது? கூப்பிட்ட வீட்டுக்கும் விருப்பமில்லை, போகிறவருக்கும் விருப்பமில்லை. யார் முதலில் சொல்வது என்று தெரியாமல் நடுவில் ஒரு கோழியின் உயிர் போய்விடுகிறது.

வசந்தா பழைய பேப்பருக்குள் கையை விட்டுப் புரோஷரைத் தேடி எடுத்தாள். "வெறுங்கையோடை போக ஏலாதெண்டு, 'மிளகாய்த்தூள் கொஞ்சம் கொண்டு வரட்டோ, பிள்ளை?' எண்டு கேட்டனான்" என்றாள்.

"என்ன சொன்னா?"

"'வேண்டாம் அக்கா, பிறகு சமைக்கச் சொல்லுவினம்' எண்டாள்."