தங்கையின் செல்லோ

பாண்டிச்சேரியிலிருந்து மினி லாரியில் வந்த பியானோவை, நைனாவின் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள்தான் குடோனுக்குள் இறக்கினார்கள். வாசற்படி தாண்டுவதற்குள் எல்லோருக்கும் மூச்சு வாங்கிவிட்டது.

“இன்னா சார் இது, உள்ள கல்லு கில்லு வெச்சிருக்கீங்களா?” என்றார் ஒருவர்.

பியானோவுக்குச் சொந்தக்காரர், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் தோழி, பதறிக்கொண்டு கூடவே நடந்தார். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நெல்லு அடுக்குற எடத்துல இத்தக் கொண்டாந்து வெக்கிறீங்களே, எலி கடிச்சிடப் போவுதுப்பா.”

நைனா என்றுதான் அப்பாவைக் கூப்பிடுவோம். செஞ்சியில் அவருக்கு நெல் வியாபாரம். என்னையும் தங்கையையும் படிக்கச் சென்னைக்கு அனுப்பினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் மேற்கத்திய இசை சொல்லித்தந்தார்கள். நான் வயலினைப் பிடித்துக்கொண்டேன், அவள் முழங்காலிடையில் நிறுத்தி வாசிக்கிற செல்லோவை. இரண்டு பேருமே சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துப் பிழைத்தோம். பின்னணியில் கேட்கும் முப்பது வயலின்களில் ஒன்று என்னுடையது என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்தக் குறை எங்கள் இரண்டு பேருக்குமே இருந்தது.

அக்கா பிரான்ஸில் பியானோ படித்தவர். அங்கே ஒரு நூலகத்தில், பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமாக ஒரு பெண்மணி எழுதிய இசை அவர் கண்ணில் பட்டது. எழுதியவர் உயிரோடு இருந்தபோதே மறக்கப்பட்டவர். அந்த இசையை அதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. நகலெடுத்துக்கொண்டு வந்து எங்களிடம் காட்டினார். முதல் முறை மூவரும் சேர்ந்து வாசித்து முடித்தபோது தங்கை வில்லைக் கீழே வைக்காமல், “இத்த நாம ரெக்கார்ட் பண்ணணும்ணா” என்றாள். வேறெதற்கும் அவள் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

சென்னை ஸ்டுடியோக்களின் சுவர்கள் சத்தத்தை விழுங்கிவிடும். இந்த இசைக்குக் கொஞ்சம் எதிரொலி வேண்டும். எங்கள் குடோன் பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை. ஆடி மாசத்தில் பழைய நெல் போய்விட்டிருக்கும், புது நெல் வந்திருக்காது. மிச்சமிருந்த மூட்டைகளைச் சுவரோரமாக அடுக்கியதும் எதிரொலி அளவாக வந்து நின்றது. ஒலிப்பதிவு செய்ய வந்த என் நண்பர், கணக்கு எழுதும் சின்ன அறையில் தன் கருவிகளை வைத்துக்கொண்டார்.

ஆடி என்றால் ஸ்பீக்கர். தெரு முனை அம்மன் கோயிலில் விடியும் முன்பே பாட்டு தொடங்கிவிடும். நைனா அங்கே போய்ப் பேசினார். “காலைல கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா, புள்ளைங்க வாசிக்குதுங்க.” எனக்கு ஐம்பது வயது, தங்கைக்கு நாற்பத்தாறு. கோயில்காரர்கள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

அந்த இசைக்கு மூன்று பகுதிகள். முதல் பகுதி நன்றாக வந்தது. ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்தியிருந்தோம். வியர்வை வழிந்து வயலினில் சொட்டியது. ஆனாலும் மூவருக்கும் சந்தோஷம். அக்கா பியானோ மேல் தலை சாய்த்து, “இத்தனை வருஷம் கழிச்சு அந்த அம்மா குரல் வெளிய வந்திருக்கு” என்றார்.

இரண்டாம் பகுதி மெதுவானது. தொடக்கத்தில் செல்லோ மட்டும்தான். ஒரே வில்லிழுப்பில் நீளமாகப் போகும் ஒரு ஸ்வரம். அதன் கீழே பியானோ வந்து சேரும், நான் வெகுநேரம் கழித்துத்தான் நுழைவேன். தங்கை வாசிக்கத் தொடங்கியதுமே நண்பர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“எங்கயாவது ஃபேன் ஓடுதா? ஏதோ அதிருது.”

எல்லா சுவிட்சையும் பார்த்தேன். மறுபடி வாசித்தாள். மறுபடியும் அதே அதிர்வு. மூட்டைகளை நகர்த்தினோம், அவள் நாற்காலியை மாற்றினோம், வில்லுக்குப் பிசின் தேய்த்தாள். போகவில்லை. நான் ஒரு ஸ்பானரோடு ஜன்னல் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

“அண்ணா, விடு. ஃபேனும் இல்ல, ஜன்னலும் இல்ல. நான்தான்.”

வலது கையை மடியில் வைத்திருந்தாள். அது தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் நரம்பு டாக்டரைப் பார்த்திருக்கிறாள். பார்க்கின்சன், நடுக்கவாதம் என்று சொல்லிவிட்டார்களாம். மாத்திரை தொடங்கி மாதங்களாகிவிட்டன. எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற நான் கவனிக்கவுமில்லை. அக்கா எழுந்து போய் அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

நாங்கள் சமணர்கள், எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். அன்று சாப்பிடும்போது, தண்ணீர் குடிக்க எடுத்த டம்ளரைத் தங்கை பாதியிலேயே கீழே வைத்துவிட்டாள்.

“எத்தினி நாளா பாப்பா இது?” என்றார் நைனா.

“ஒரு வருஷம் இருக்கும் நைனா.”

“மாத்திரைல சரியாப் போயிடுமா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். நைனா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. “போதும். நாளைக்கி எல்லாத்தையும் கட்டி ஏத்துங்க. நீ இங்கயே இரு.”

“வேணாம் நைனா. முடியற வரைக்கும் வாசிச்சிட்டு வந்துடறேன்.”

மாத்திரை போட்ட பிறகு கொஞ்ச நேரம் கை அடங்கியிருக்கும். மறுநாள் அந்த நேரத்துக்காக மூவரும் வாத்தியங்களோடு காத்திருந்தோம். அவள் கையைத் தூக்கிப் பார்ப்பாள், தலையசைப்பாள், நாங்கள் தொடங்குவோம். துண்டு துண்டாக எடுத்து ஒட்டிவிடலாம் என்றார் நண்பர். அவள் ஒப்பவில்லை. கடைசியில், இரண்டாம் பகுதி முழுசாக ஒரு முறை வந்தது. முடியும் இடத்தில் மட்டும் செல்லோ நடுங்கியது. அவள் அதைக் கேட்டுவிட்டு, “இது போதும், இதுக்கு மேல வராது” என்றாள்.

மூன்றாம் பகுதி வேகமானது. அவளால் ஒரு பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை. வேறு ஒருவரைக் கூப்பிடச் சொன்னதும் அவள்தான். அக்கா முடியாது என்று அழுதார். நானும் மறுத்தேன்.

“அந்தம்மா எழுதினது பாதில நிக்கக் கூடாதுண்ணா. எனக்கோசரம் அத நிறுத்தாதீங்க.”

சென்னையிலிருந்து ஒரு செல்லோக்காரர் வந்தார். எங்களோடு சினிமாவுக்கு வாசிக்கிறவர், நல்ல மனிதர். தன் வாத்தியத்தை எடுத்து நாலு ஸ்வரம் வாசித்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதன் குரல் வேறு. முதல் இரண்டு பகுதிகளோடு ஒட்டவில்லை. தங்கைதான் எழுந்து தன் செல்லோவை உறையிலிருந்து எடுத்தாள். சுருதி சேர்த்தாள். “மேல் தந்தி கொஞ்சம் முரண்டு புடிக்கும், அழுத்தாதீங்க” என்று சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.

“அம்மா, வேணாமே” என்றார் அவர்.

“புடிங்க சார். சவுண்டு மாறக் கூடாது.”

நாங்கள் மூன்றாம் பகுதியை வாசித்து முடிக்கும் வரை அவள் நெல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். நடுங்கும் கை புடவையில் உரசினால் மைக்கில் கேட்கும் என்று, கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பாமல் வாசித்தேன். வாசல் ஓரம் நின்றிருந்த நைனா பாதியிலேயே வெளியே போய்விட்டார்.

வெளிநாட்டில் ஒரு சின்ன நிறுவனம் அதை வெளியிட்டது. கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவர், இரண்டாம் பகுதியின் முடிவில் செல்லோ நடுங்குவது நெஞ்சைத் தொடுகிறது, எவ்வளவு அழகாக யோசித்து வாசித்திருக்கிறார் என்று எழுதியிருந்தார். தங்கைக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது. “யோசிச்சா வாசிச்சேன்? அத நிறுத்தத்தானே அவ்ளோ பாடு பட்டேன்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது அவள் நைனாவோடு செஞ்சியில் இருக்கிறாள். செல்லோவை அந்தச் சென்னைக்காரருக்கே கொடுத்துவிட்டாள். நான் சினிமா வேலை இல்லாத நாட்களில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இடது கை இன்னும் நன்றாக இருக்கிறது. வலது கையால் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் வந்து மாட்டிவிடுகிறாள்.

போன மாதம் அக்கா பேசினார். அதே பெண்மணி செல்லோவுக்கும் பியானோவுக்குமாக எழுதிய இன்னொன்று கிடைத்திருக்கிறதாம். தங்கையிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு பேருமே தயங்கினோம். எப்படியோ அவளே தெரிந்துகொண்டு, பிரதி எடுத்து வரச் சொன்னாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து பக்கங்களைப் பரப்பிக்கொண்டாள். அவள் இடது கை விரல்கள் மட்டும் வலது முன்கையின் மேல் ஒவ்வொரு ஸ்வரமாக அழுத்தி அழுத்தி நகர்ந்துகொண்டிருந்தன.