ஒரு பட்டியலுக்கு அறுநூற்றொரு கேள்விகள்

“சார், நீங்களும் பார்த்தீங்க இல்ல?” எங்கள் கல்லூரிக் கூட்டமொன்றில் எல்லார் முன்னிலையிலும் தனசேகர் என்னிடம் கேட்ட கேள்வி இது. போன வியாழனன்று சேக்காட்டிலிருந்து அவர் மனைவி போன் செய்து, “உட்டுட்டுப் பூட்டாரு சார்” என்று அழுதபோது, எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

நான் அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் ஆசிரியர். அவர் டேட்டாபேஸையும் சர்வரையும் பார்த்துக்கொண்டவர். ஹால் டிக்கெட் பட்டியல் எடுக்க அவர் எழுதிய குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, நான்கே வரி. புதிதாக வந்த நிரலாளர் குழு அதை எடுத்துவிட்டு ஓ.ஆர்.எம். என்ற மென்பொருளை வைத்தது. குவெரியை நாம் எழுத வேண்டாம். அந்த மென்பொருளே எழுதிக்கொள்ளும். ஐந்து மாணவர் பெயரைப் போட்டுச் சோதித்தார்கள். பறந்தது.

தனசேகர் அறுநூறு பேரைப் போட்டுப் பார்த்தார். டேட்டாபேஸ் தனக்கு வரும் கேள்விகளையெல்லாம் குறித்துவைக்கும் பதிவைத் திறந்து எனக்குக் காட்டினார். பெயர்ப் பட்டியலுக்கு ஒரு கேள்வி. பிறகு ஒவ்வொருவரின் பாடங்களுக்கும் தனித்தனியாக ஒன்று. ஆக அறுநூற்றொன்று. “இன்னா சார் இது? ஒரு கிலோ வெங்காயம் வாங்க, ஒவ்வொரு வெங்காயத்துக்கும் கடைக்குப் போயிகினு வர்ற மாதிரி கீது!”

குழுத் தலைவர் சிரித்தார். “நாலு வரி எழுதுற காலமெல்லாம் போச்சு, அண்ணாத்தே.”

“ஒரு பேரைச் சேக்கணும்னா இது சோக்கா செய்யும் நைனா. நான் இல்லேங்கல. அது இன்னா எழுதுதுன்னு பாக்காம உடாதேன்றேன்.”

விட்டார்கள். ஹால் டிக்கெட் நாளன்று எல்லாத் துறைகளும் ஒரே நேரத்தில் பட்டியலைத் திறக்க, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். கூட்டத்தில் குழு, “சர்வர் பராமரிப்பு சரியில்லை” என்றது. அப்போதுதான் தனசேகர் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். என் பணி நீட்டிப்பு மனு முதல்வரின் மேசையில் இருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

அவரை அடையாள அட்டைக்கு லேமினேஷன் போடும் அறைக்கு மாற்றினார்கள். எனக்கு நீட்டிப்பு கிடைத்தது. அடுத்த பருவத்தில் அவருடைய நான்கு வரிகள் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பின. அவர் திரும்பவில்லை, கடைசிவரை அந்த அறைதான்.

சாவுக்கு அந்தக் குழுத் தலைவர் ஆளுயர மாலையோடு வந்தார். “சிஸ்டமே அவர்தான் சார்” என்றார். பிணத்தின் முன் சண்டை எதற்கு என்று, அங்கேயும் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது.

அந்தப் பதிவை அவர் அச்செடுத்து என்னிடம் கொடுத்திருந்தார். பதினான்கு தாள், ஒரே வரி, மாணவர் எண் மட்டும் மாறி மாறி. கூட்டத்தன்று அது என் பையில்தான் இருந்தது. அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றே.

அவரை அறிந்த என் மாணவர்களே, இன்று நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தைத் திறந்து, அதற்காக டேட்டாபேஸுக்கு எத்தனை கேள்விகள் போயின என்று பதிவில் எண்ணிப் பாருங்கள்.