நாட்டுக்கான ஜெபக் குறிப்பு

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டம் உண்டு, வாரம் ஒரு வீடு. ஜெபத்துக்கு முன்னால் ஆளுக்கொரு குறிப்பு சொல்லவேண்டும்: மகளுக்கு வரன், மருமகனுக்கு வேலை, முழங்கால் வலி. நாட்டுக்கான குறிப்பு என் பொறுப்பு. நான் நியூஸ் பார்க்கிற ஆள் என்று பெயர். எந்நேரமும் போனைக் குனிந்து பார்க்கிறவனுக்கு அந்தப் பெயர் சுலபமாக வந்துவிடுகிறது.

நாட்டைப் பற்றிய என் ஆராய்ச்சி கிண்டியில் ரயில் ஏறியதும் ஆரம்பிக்கும். போனில் குட்டி வீடியோக்கள் ஓடும். நாலு பேர் விவாதம் என்று கத்துவார்கள். அடுத்து ஒருவர் பரோட்டா பிய்ப்பார். அடுத்து ஏதோ ஊரில் வெள்ளம். எல்லாவற்றுக்கும் ஒரே பின்னணி இசை. தாம்பரத்தில் இறங்கும்போது உலக நிலவரம் ஒன்றும் நினைவிருக்காது, கழுத்துதான் வலிக்கும்.

அந்த வாரம் கூட்டம் எங்கள் வீட்டில். கீழ் வீட்டு அக்கா மடியில் ஒரு பெரிய கவரோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். தனியாக இருப்பவர், மகன் வெளிநாட்டில். அன்று ரயிலில் பார்த்த வீடியோவை வைத்து நான் ஆரம்பித்தேன். ஒரு மூத்த நடிகர் ஆஸ்பத்திரியில் கவலைக்கிடம். மூக்கில் குழாய், கதறும் மனைவி, வாசலில் ரசிகர்கள். என் குரல் எனக்கே சேனல்காரர் குரல் மாதிரிக் கேட்டது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அக்கா இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் முடித்தபாடில்லை. பாஸ்டர் நடிகருக்காக உருகி ஜெபித்தார். வண்டலூரில் அவருக்கு இன்னொரு கூட்டம் இருந்ததால், மற்றவர்களுடையதை எல்லாம் ‘சொல்லப்படாத விண்ணப்பங்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஆமென் சொல்லிவிட்டார்.

எல்லோரும் போனபின், டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த மனைவி அந்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். முடிவில் நடிகர் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாலு பேரை அடித்தார். படத்தின் பெயர் வந்தது.

"கடைசி வரைக்கும் பாக்கலையா?"

அதற்குள் தாம்பரம் வந்துவிட்டது என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். "கீழ் வீட்டு அக்காவுக்குத் திங்கக்கெழம ஆபரேஷன். அதச் சொல்லத்தான் வந்தாங்க. உங்க நடிகர் விடல."

மாடிப்படி இறங்கிப் போனேன். அக்கா கதவைத் திறந்ததும், "அந்த நடிகர் எப்டி இருக்காராம், தம்பி?" என்றார். கேலி இல்லை. மனதார ஜெபித்தவர், கேட்கத்தானே செய்வார்.

"நல்லா இருக்காருக்கா. ஆள அடிக்கிற அளவுக்குத் தெம்பா இருக்காரு. நீங்க சொல்லுங்க."

கவரிலிருந்து ஸ்கேன் பிலிமை எடுத்து ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். கறுப்பும் சாம்பலுமாக என்னவோ தெரிந்தது. முதலிலிருந்து, நிதானமாக, நடுநடுவே மறந்து மறந்து சொன்னார். சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பழக்கதோஷம், கை ஒருமுறை அங்கே போய்த் திரும்பியது. திங்கட்கிழமை துணைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டேன்.

அக்கா பிலிமை மெதுவாகக் கவருக்குள் நுழைத்தார்.

"அதத்தான் தம்பி, மேல வந்தப்பவே கேக்கலாம்னு இருந்தேன்."